காலி வாளி காலியாக இல்லை

ஆசிட் விற்க வருகிறவர் அதைப் பிளாஸ்டிக் கேனில்தான் கொண்டுவருகிறார். கழிவறைத் தரையின் மஞ்சள் கறையை நுரை பொங்க அரித்தெடுக்கிற திரவம் அது. குழாயின் பளபளப்பைக் கெடுக்கும், மொசைக்கில் சிந்தினால் குழி பறிக்கும். ஆனால் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தும் கேனை அது ஒன்றும் செய்வதில்லை. அதே வீட்டில், சோப்புத் தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்காத துடைக்கிற வாளி, கைப்பிடி மாட்டிய காதுக்குக் கீழே மயிரிழை விரிசல் விடுகிறது. யாரும் கீழே போடவில்லை, எதிலும் மோதவில்லை. ஒருநாள் தண்ணீரோடு தூக்கும்போது காது மட்டும் கையோடு வந்துவிடுகிறது.

மட்டமான பிளாஸ்டிக் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வேறு வாளி வாங்குகிறோம். மட்டமான பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். ஆனால் நல்ல பிளாஸ்டிக்கிலும் இது நடக்கும். ஆசிட்டுக்கு அசையாதது சோப்புக்கு ஏன் மடிகிறது?

வாளிகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். இங்கிலாந்தின் வின்னிங்டனில் 1933இல், வேறு எதையோ தேடி அதிக அழுத்தத்தில் எத்திலீன் வாயுவைச் சோதித்தபோது, கலத்தின் உள்ளே மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். வாளிக்கு வேண்டிய விறைப்பான வகையை 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் உருவாக்கினார். அடுத்த ஆண்டே இத்தாலியில் ஜூலியோ நாட்டா பாலிபுரொப்பிலீனைச் செய்துகாட்டினார். 1963இல் இருவருக்கும் சேர்த்து வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வாளியைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் சீக்லரின் பிளாஸ்டிக், 5 என்று இருந்தால் நாட்டாவினுடையது. எண்ணே இல்லை என்றால், பல பழைய பிளாஸ்டிக்குகளை உருக்கிக் கலந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் எது எவ்வளவு என்று செய்தவருக்கே தெரியாது.

இரண்டுமே பலபடிகள். அதாவது, ஒரே சின்ன மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கிற நீண்ட சங்கிலிகள். அந்தச் சங்கிலியில் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறெதுவும் கிடையாது. இதுதான் ஆசிட்டிடமிருந்து அதைக் காப்பாற்றுகிறது. அமிலம் தன் ஹைட்ரஜன் அயனியை எதன்மீதாவது ஒட்டவைத்துத்தான் வேலையைத் தொடங்கும். சுண்ணாம்பிலும் சிமென்டிலும் அதற்கு இடம்கொடுக்கிற ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. இரும்போ துத்தநாகமோ தன் எலெக்ட்ரானையே தூக்கிக் கொடுத்துவிடும். அதனால்தான் துத்தநாக முலாம் பூசிய பழைய இரும்பு வாளியில் ஆசிட்டை ஊற்றினால் குமிழ் குமிழாக ஹைட்ரஜன் வருகிறது, முலாம் போகிறது, பிறகு துரு தொடங்குகிறது. பாலிஎத்திலீன் சங்கிலியில் அமிலத்துக்குப் பிடிமானமே இல்லை. பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறது.

சோப்பு அந்தச் சங்கிலியை வெட்டுவதில்லை. அது செய்வது வேறு வேலை. பாலிஎத்திலீனின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு தட்டு இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் இழைகள் ஒழுங்காக மடிந்து அடுக்காக இருக்கின்றன. அவை படிகப் பகுதிகள். நடுவே சிக்கலும் பின்னலுமான பகுதிகள். சில இழைகள் மட்டும் ஓர் அடுக்கில் தொடங்கி, சிக்கலைக் கடந்து, பக்கத்து அடுக்கிலும் நுழைந்திருக்கின்றன. இந்தப் பிணைப்பு இழைகளால்தான் மொத்தமும் ஒன்றாக நிற்கிறது. ஓர் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே இருந்தால் இழை அறாது, சிக்கலிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். சோப்பும் சலவைத் திரவமும் பிளாஸ்டிக்குக்குள் செய்வது இந்த எண்ணெயின் வேலையை. இழுவிசை இருக்கிற இடத்தில் நுண்ணிய வெடிப்புக்குள் புகுந்து, பிணைப்பு இழைகளை உருவிவிடுகின்றன. பொறியாளர்கள் இதற்குச் சூழல்சார் தகைவு விரிசல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தகைவு என்பது இங்கே பொருளுக்குள் நிலவும் இழுவிசை.

இது ஊகம் அல்ல என்று எப்படித் தெரியும்? இதை முதலில் தீவிரமாக ஆராய்ந்தவர்கள் வாளி செய்தவர்கள் அல்லர், அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பி போட்டவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கம்பிகளின் ஈய உறைக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் உறை வந்தது. அதில் காரணம் தெரியாத விரிசல்கள் விழுந்தன. பெல் ஆய்வகத்தார் ஒரு சோதனையை வகுத்தார்கள். அதன் அழகே எளிமைதான். சின்னப் பிளாஸ்டிக் பட்டைகள் பத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டு, வளைத்து ஒரு பித்தளைச் சட்டத்தில் செருகி, 50 டிகிரி சூட்டில் சலவைப்பொருள் கரைசலுக்குள் மூழ்க வைப்பார்கள். பாதிப் பட்டைகள் உடைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கெடுப்பார்கள். வளைத்த பட்டையை வெறும் தண்ணீரில் வைத்தால் நெடுநாள் தாங்குகிறது. வளைக்காத பட்டையைச் சலவைக் கரைசலில் போட்டாலும் தாங்குகிறது. இரண்டும் சேரும்போதுதான் உடைகிறது. இன்றும் பிளாஸ்டிக் தொழிலில் இந்தச் சோதனை புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது கேனையும் வாளியையும் மறுபடி பாருங்கள். கேன் சும்மா நிற்கிறது. வாளியோ பத்து லிட்டரைத் தூக்கிக்கொண்டு தினமும் நடக்கிறது. அந்த எடை முழுவதும் இரண்டு காதுகளில் தொங்குகிறது. இன்னோர் இடமும் உண்டு. வாளியின் அடிப்பகுதி நடுவில் பொட்டுப் போல ஒரு தடம் இருக்கும். அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்திய வாய் அது. வேகமாகப் புகுந்து சட்டென்று குளிர்ந்ததால் அங்கே தகைவு பிறவியிலேயே தங்கியிருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? காலி வாளியின் நடு அடியில், நேராக அந்தப் பொட்டின்மேல், தண்ணீர் கலக்காத சலவைத் திரவத்தை ஊற்றிவிட்டுக் குழாயடிக்கு மெதுவாகப் போகிறோம். மிகச் செறிவான திரவமும் மிகப் பலவீனமான இடமும் அங்கே சந்திக்கின்றன. முதலில் தண்ணீர், பிறகு மருந்து என்கிற பழக்கம் கண்ணில் தெறிக்காமல் இருக்கச் சொல்லப்பட்டதுதான். வாளிக்கும் அது நல்லது.

பாலிபுரொப்பிலீன், அதாவது 5ஆம் எண், இந்த வகை விரிசலைப் பாலிஎத்திலீனைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்கு வெயிலும் ஆக்சிஜனேற்றமும் ஆகாது. மொட்டைமாடியில் விட்ட வாளி ஒரு கோடைக்குள் வெளுத்து, தொட்டால் மாவு மாவாகக் கையில் ஒட்டுவது அதனால்தான். பிளீச்சும் அதே திசையில், இன்னும் மெதுவாக வேலை செய்கிறது. குளோரின் கலந்த குடிநீர் ஓடும் பிளாஸ்டிக் குழாய்களை ஆராய்ந்தவர்கள் இதன் வரிசையைக் கண்டார்கள். பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் காப்புப்பொருளை முதலில் குளோரின் தின்று தீர்க்கிறது. அது தீர்ந்த பிறகுதான் சங்கிலியை அறுக்கத் தொடங்குகிறது. வாளியில் பிளீச் கரைசலை ராத்திரி முழுக்க ஊறவிடுவதற்கும், பத்து நிமிடம் வைத்துக் கொட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பத்து நிமிடமே அதிகம்.

இதுவரை சொன்னது வாளியின் உயிரைப் பற்றி. நம் உயிரைப் பற்றிய சங்கதி, வாளியைக் கொட்டிய பிறகு அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

பினாயில் ஊற்றிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் வாசனை போவதில்லை. ஆசிட்டை உள்ளே விடாத அதே கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலி, எண்ணெய்த்தன்மை கொண்ட வாசனை மூலக்கூறுகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இனம் இனத்தோடு சேரும். வெள்ளைப் பினாயிலில் இருக்கும் பைன் எண்ணெய் பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே கரைந்து தங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. ஆரஞ்சுச் சாற்றின் மணம் அதன் பெட்டியின் உட்பூச்சுக்குள் போய்விடுகிறது என்று உணவுப் பொட்டலத் துறையினர் குறைப்பட்டுக்கொள்வதும் இதே காரணத்தால்தான். தண்ணீர் தட்டுப்பாட்டு நாளில், நன்றாகக் கழுவிவிட்டோமே என்று பினாயில் வாளியில் குடிநீர் பிடித்து வைப்பது இதனால்தான் தவறு. கழுவுவது சுவரின் மேற்பரப்பை. வாசனை இருப்பது சுவருக்குள்ளே.

அதைவிட ஆபத்தான மிச்சம், வாளியின் அடியில் தேங்கும் நாலு சொட்டு. பிளீச்சும் கழிவறை ஆசிட்டும் சேரக்கூடாது என்று பாட்டில்களில் எழுதியிருக்கிறது. ஏன் என்பதற்குச் சமன்பாடு தேவையில்லை. தொழிற்சாலையில் காஸ்டிக் சோடா கரைசலில் குளோரின் வாயுவைச் செலுத்தித்தான் பிளீச் திரவம் செய்கிறார்கள். சுண்ணாம்பின்மேல் குளோரினைச் செலுத்திச் செய்யும் பிளீச்சிங் பவுடருக்கு ஸ்காட்லாந்தின் சார்ல்ஸ் டென்னன்ட் 1799லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இரண்டிலும் குளோரினை அடக்கி வைத்திருப்பது காரம். அமிலம் வந்து அந்தக் காரத்தை அழித்ததும், போன வழியிலேயே குளோரின் வாயுவாகத் திரும்பி வருகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரே போர்முனையில் ஜெர்மன் படை பிரெஞ்சுப் படையின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுதான்.

இரண்டு பாட்டிலையும் ஒன்றாகக் கவிழ்க்கிறவர்கள் குறைவு. மிச்சத்தின்மேல் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். எவ்வளவு மிச்சம் போதும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 சதவீதக் குளோரின் உள்ள பிளீச் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி, வாளியில் தங்கியிருக்கிறது. அதில் 0.4 கிராம் குளோரின். வாயுவானால் சுமார் 140 மில்லி இடத்தைப் பிடிக்கும். நாலடி அகலம், ஆறடி நீளம், எட்டடி உயரமுள்ள குளியலறையில் ஏறக்குறைய 5,400 லிட்டர் காற்று இருக்கிறது. முழுவதும் வெளிவந்து பரவினால் காற்றின் 10 லட்சம் பங்கில் 25 பங்குக்கு மேல் குளோரின். அமெரிக்கத் தொழிலிட விதிப்படி ஒரு தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் எந்த நேரத்திலும் தாண்டக்கூடாத உச்சவரம்பு 10 லட்சத்தில் 1 பங்கு. தண்ணீரிலேயே கரைந்துவிட்டது போக, பத்தில் ஒரு பாகம் மட்டும் வெளிவந்தால்கூட வரம்பு தாண்டிவிடுகிறது. இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, அது தரையோரம் தேங்கும். கழிவறை கழுவுகிறவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதும் அங்கேதான்.

சிறுநீர் நாற்றத்துக்குப் பிளீச் ஊற்றுவதும் இதே குடும்பத்துப் பிரச்சினை. பழைய சிறுநீரில் யூரியா சிதைந்து அம்மோனியா ஆகியிருக்கும். அதனோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் வாயுக்கள் வரும், கண் எரியும், தொண்டை கமறும். முதலில் தண்ணீர் விட்டு அலசிவிட்டால் தீர்ந்தது.

அலசுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அதைத் தெரிந்துவைத்திருப்பது லாபம். கொட்டிய வாளியில் சுவரோரமும் அடியிலுமாக 50 மில்லி தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு லிட்டர் தண்ணீரை மொத்தமாக ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் மிச்சம் சுமார் நாற்பதில் ஒரு பங்காகக் குறையும். அதே இரண்டு லிட்டரை ஒவ்வொரு லிட்டராக இரண்டு தடவை ஊற்றிக் கொட்டினால்? முதல் தடவை இருபதில் ஒரு பங்கு, அந்த மிச்சத்திலும் இரண்டாவது தடவை இருபதில் ஒரு பங்கு. ஆகமொத்தம் நானூறில் ஒரு பங்குக்கும் கீழே. அதே அளவு தண்ணீர், பத்து மடங்கு சுத்தம். வேதியியல் ஆய்வகங்களில் குடுவைகளை எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை அலசுவது இந்தக் கணக்கை நம்பித்தான்.

மருந்துகளுக்கு இந்தக் கணக்கு பலிக்கும், கிருமிகளுக்குப் பலிக்காது. நானூறில் ஒன்றாகக் குறைந்த ஆசிட் குறைந்த ஆசிட்டாகவே இருக்கும். நானூறில் ஒன்றாகக் குறைந்த கிருமி மறுநாள் காலைக்குள் பழைய கணக்கைத் தாண்டிவிடும்.

தரை துடைக்கும் வாளியில் கிருமி எவ்வளவு என்று எண்ண ஒரு வழி வேண்டுமல்லவா? கண்ணுக்குத் தெரியாததை எண்ணுவதற்கு உதவியது ஒரு சமையலறைச் சரக்கு. 1881இல், கிருமியியல் ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் குழுவில் இருந்த வால்டர் ஹெஸ்ஸெ கிருமிகளை வளர்க்க ஜெலட்டின் கூழைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். கோடையில் அது உருகி ஓடியது. அவர் மனைவி ஃபேனி வீட்டில் செய்கிற பழக்கூழ் மட்டும் வெயிலிலும் உருகாமல் நின்றது. ஜாவாவில் வாழ்ந்த ஓர் அறிமுகக்காரரிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட கடற்பாசிச் சரக்கு அது, பெயர் அகார். நோன்புக்கால இனிப்புக்கு நாம் கடைகளில் வாங்கும் அதே கடற்பாசி. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் கிடைக்கிறது. சத்துச் சேர்த்த அகார் தட்டில் ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீரைப் பரப்பி ஓரிரு நாள் வெதுவெதுப்பில் வைத்தால், உயிருள்ள ஒவ்வொரு கிருமியும் பெருகிக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியாகிவிடும். அதைக் குடியிருப்பு என்கிறார்கள். புள்ளிகளை எண்ணினால் போதும். இரண்டு கிருமி ஒட்டிக்கிடந்தால் ஒரே புள்ளிதான் வரும், அகாரில் வளராத இனங்கள் கணக்கிலேயே வராது. ஆகவே இந்த எண்ணிக்கை எப்போதும் குறைந்தபட்சக் கணக்கு.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி இப்படி எண்ணிய ஓர் ஆய்வை எடுத்துச் சொல்கிறது. ஒரு மருத்துவமனை வார்டை வெறும் சோப்புத் தண்ணீரால் துடைத்தார்கள். துடைக்கும் முன் வாளித் தண்ணீரில் ஒரு மில்லிக்கு 10 குடியிருப்புகள். வார்டைத் துடைத்து முடித்தபோது 34,000. கிருமிநாசினி கலந்த வாளியில் அது 20ஐத் தாண்டவில்லை. சோப்பு கிருமியைத் தரையிலிருந்து பெயர்த்தெடுக்கிறது, கொல்வதில்லை. பெயர்த்தது வாளிக்குப் போகிறது, வாளியிலிருந்து மாப்புக்கு, மாப்பிலிருந்து அடுத்த அறைக்கு. கடைசி அறை துடைக்கப்படுவது முதல் அறையின் அழுக்கால். குறுக்கு மாசு என்பது இதுதான், ஓரிடத்து அழுக்கு சுத்தம் செய்யும் கருவியின் வழியாகவே இன்னோரிடத்துக்குப் போவது. மூன்று நோயாளி அறைகளுக்கு ஒருமுறை, எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள், துடைக்கும் கரைசலை மாற்ற வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்வது இதற்காகத்தான்.

அப்படியானால் எல்லா வாளியிலும் கிருமிநாசினியைக் கலந்துவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். முடிவதில்லை. அழுக்கு நிறைந்த தண்ணீரில் பிளீச் முதலில் அழுக்கோடு வினைபுரிந்தே செலவாகிவிடுகிறது. மருந்து வாசனை மட்டும் மூக்கில் நிற்கும். குவாட் எனப்படும் நான்கிணை அம்மோனியச் சேர்மங்களுக்கு வேறு கதை. நேர்மின் சுமை கொண்ட அவை பருத்தி மாப்பின் இழைகளில் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன, தரைக்குப் போய்ச் சேருவது குறைந்த மருந்து. குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கப்படுத்தும்.

எந்த அளவுக்குப் பழக்கப்படுத்தும் என்பதை 2014இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியது. இந்த விஷயத்தில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் கலங்கடித்தது அதுதான். மருத்துவமனைகளில் மேசை, கட்டில் துடைப்பதற்கென்று மூடியுள்ள சிறு வாளிகள் இருக்கும். உள்ளே உலர்ந்த துணித்தாள் சுருளை வைத்து, மேலே கிருமிநாசினிக் கரைசலை ஊற்றிவிடுவார்கள். வேண்டும்போது மூடியின் துளை வழியாக ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். தீர்ந்ததும் புதுச் சுருள், புதுக் கரைசல், அதே வாளி. ஆய்வாளர்கள் 15 நிலையங்களிலிருந்து 66 வாளிகளின் கரைசலைச் சோதித்தார்கள். 9 நிலையங்களைச் சேர்ந்த 28 வாளிகளில், கிருமிநாசினிக்குள்ளேயே, ஒரு மில்லிக்கு ஏறத்தாழ ஒரு கோடி பாக்டீரியா உயிரோடு இருந்தது. சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலிலும் கிருமியைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மருந்து போலியல்ல. கோளாறு வாளியில் இருந்தது. எந்த நிலையத்திலும் அடுத்த நிரப்புக்கு முன் வாளியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. இந்த மாதிரிச் சுவர்களில் பாக்டீரியாக்கள் தனித்தனியாக மிதப்பதில்லை. பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகப் பதுங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. இதை உயிரிப்படலம் என்கிறோம். பல நாள் கழுவாத வாளியை விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்குமே, அதுவேதான். மேலடுக்கில் இருப்பவை மருந்தில் சாகும்போது அடியில் இருப்பவற்றுக்கு நீர்த்த மருந்துதான் எட்டுகிறது. அந்த வாளிகளில் பிடித்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் மருந்தே இல்லாமல் ஐந்து சுற்று வளர்த்துப் பார்த்தபோது அவை மறுபடி மருந்துக்கு மடியத் தொடங்கின. ஆனாலும் அவை வேறு வேறு உற்பத்தியாளர்களின் கரைசல்களிலும் ஒரே வாரத்தில் பெருகிக் காட்டின.

உயிரிப்படலத்துக்குத் தண்ணீர் ஊற்றி அலசுவது போதாது. தேய்க்க வேண்டும். இங்கே வாளியின் கீறல்கள் குறுக்கே வருகின்றன. கம்பி நாரால் தேய்த்தால் படலம் போகும், கூடவே அடுத்த படலம் பதுங்க நூறு புதிய கீறல்களும் விழும். மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போதும். கீறலும் விரிசலுமாகிவிட்ட வாளியை என்ன தேய்த்தும் சுத்தப்படுத்த முடியாது. பிளாஸ்டிக்கை மருந்திலிருந்து காப்பதும் நம்மைக் கிருமியிலிருந்து காப்பதும் ஒன்றாகிற இடம் இதுதான்.

தேய்த்த பிறகு காயவிட வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் பெரும்பாலான பாக்டீரியாவுக்குப் பெருக வழியில்லை. ஈரத்தோடு எடுத்துவைத்த மாப்பில் கிருமிகள் ரசாயனத்தால் அடக்க முடியாத அளவுக்குப் பெருகுகின்றன, துவைத்து உலர்த்துவதுதான் வழி என்பது 1971லேயே தெரிந்துவிட்டது. வாளிக்கும் அதேதான். ஆனால் தரையோடு தரையாகக் கவிழ்த்து வைத்தால் உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். ஒரு பக்கம் சாய்த்தோ ஆணியில் மாட்டியோ காற்றுப் போக விட வேண்டும். வெயிலில் காயப்போட்டால் கிருமிக்குக் கெடுதல்தான், பாலிபுரொப்பிலீனுக்கும் கெடுதல். காற்றோட்டமான நிழலே போதும்.

வாளிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போட்டு, வேலை முடிந்ததும் உறையை மட்டும் எறிந்துவிடும் முறையும் இருக்கிறது. தொற்றுநோய் வார்டில் அதற்கு நியாயம் உண்டு. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது வீண் குப்பை என்றே நினைக்கிறேன். உறையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. உள்ளே உறை இருக்கிறதே என்று வாளியைக் கழுவுவதும் நின்றுபோகும்.

மிச்சம் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதைத் துப்பறிந்த விதம் சுவாரசியமானது. நோய்க்கிருமியையே தடவிவிட்டுப் பார்க்க முடியாது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் ஆய்வாளர்கள், காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸின் டி.என்.ஏ. துண்டைத் தண்ணீரில் கலந்து தனிமை அறையின் கட்டில் கம்பி ஒன்றில் தடவினார்கள். மனிதரை ஒன்றும் செய்யாத, மருத்துவமனையில் வேறு வழியில் இருக்கவே முடியாத அடையாளம் அது. பத்து மணி நேரத்தில், வார்டில் சோதித்த இடங்களில் 41 சதவீதத்தில் அது கிடைத்தது. முடிவு 2020இல் வெளியானது. அதில் கைகளின் பங்குதான் பெரிது. ஆனால் ஒரே நீரில் பல அறைகளைத் தொடும் வாளியை வைத்துக்கொண்டு கையை மட்டும் கழுவச் சொல்வது பாதி வேலை.

இந்திய அரசு 2015இல் தொடங்கிய காயகல்ப் திட்டம் அரசு மருத்துவமனைகளுக்கு மூன்று வாளி முறையைச் சொல்கிறது. ஒன்றில் சோப்புக் கரைசல், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் கிருமிநாசினி. சோப்பில் நனைத்துத் துடைத்த மாப்பை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி சோப்புக்குள் விட வேண்டும். அழுக்கெல்லாம் நடுவாளியில் நின்றுவிடும், அதைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டும். கடைசியில் மூன்றாவது வாளி. அழுக்கைச் சந்திக்காத கிருமிநாசினி அதில் வீரியம் குறையாமல் இருக்கும். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் மூன்று வாளிக்கு மூன்று மடங்கு தண்ணீர், மூன்று மடங்கு தூக்கல். சக்கரம் வைத்த தள்ளுவண்டி கொடுக்காமல் முறையை மட்டும் சுவரில் ஒட்டிவிட்டுத் தூய்மைப் பணியாளரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

நம் வீடுகளில் எழுதப்படாத ஒரு முறை இருக்கிறது. புது வாளி குளியலறைக்கு. காது போனதும் துணி ஊறவைக்க. பிறகு தரை துடைக்க. அதற்கும் பிறகு கழிவறைக்கு. கடைசியில் அடியில் ஓட்டை போட்டுக் கறிவேப்பிலைக் கன்று வைக்க. இந்தப் பதவியிறக்கம் ஒருவழிப் பாதையாக இருக்கும்வரை அது நல்ல சுகாதாரம்தான், அழுக்கு ஒரு திசையில் மட்டும் நகர்கிறது. விருந்தாளி வந்த நாளில் தரை துடைக்கும் வாளியை அலசிவிட்டு மாவு கரைக்க எடுக்கும்போதுதான் பாதை திரும்புகிறது.

மருத்துவமனைகளில் இந்த ஒருவழிப் பாதையை நிறத்தால் காக்கிறார்கள். பிரிட்டனின் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2007இல் நான்கு நிறங்களை வகுத்தது. கழிவறைக்கும் குளியலறைக்கும் சிவப்பு, பொது வார்டுக்கும் அலுவலகத்துக்கும் நீலம், சமையலறைக்கும் உணவுக்கும் பச்சை, தொற்றுநோயாளி அறைக்கு மஞ்சள். வாளி, மாப்பு, துணி, கையுறை எல்லாவற்றுக்கும் அதே நிறம். பல நாடுகளில் இந்த முறை ஏதோ ஒரு வடிவில் பரவியிருக்கிறது. இந்திய மருத்துவமனையில் இதற்குப் பக்கத்திலேயே மருத்துவக் கழிவுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளின் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை வேறு இருக்கின்றன, அவற்றுக்கு வேறு பொருள். ஒரே ஊழியர் இரண்டு நிற அகராதிகளையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், நிறங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்தார்களா என்று எனக்கு எப்போதும் எழும் சந்தேகம். பிறவியிலேயே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். நான்கு நிறங்களில் கழிவறைக்குக் கொடுத்தது சிவப்பு, சமையலறைக்குக் கொடுத்தது பச்சை. மாறவே கூடாத இரண்டு வாளிகள் அவர்கள் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே நிறம். பெயிண்டால் எழுதிவைத்தால் பிளீச்சில் வெளுத்துவிடும். வீட்டில் செய்வதானால் வட்ட வாளியைக் கழிவறைக்கும் சதுர வாளியைச் சமையலறைக்கும் என்று வாங்கிவிடலாம், மின்சாரம் போன நேரத்தில் தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்.